ஊர்க்காரர்கள் நடத்தும் தியேட்டரில் உண்மைக் கதைகள்

1912 ஏப்ரல் 20ஆம் தேதி, இங்கிலாந்தின் மேற்குக் கரையில் பிரிஸ்டலுக்குப் பக்கத்திலுள்ள கிளீவ்டன் என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு சினிமாக் கொட்டகையைத் திறந்தார்கள். டைட்டானிக் மூழ்கி ஐந்தே நாள் ஆகியிருந்தது. முதல் காட்சியின் வசூலை, கப்பலிலிருந்து தப்பியவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் என்று ஒதுக்கினார்கள். அந்தத் தியேட்டர் இன்றும் ஓடுகிறது. கர்சன் என்று பெயர். 1990களின் நடுவில் அது கைவிடப்படும் நிலைக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் சேர்ந்து காப்பாற்றினார்கள். இப்போது அது பதிவு பெற்ற தொண்டு நிறுவனம்.

வட லண்டனில் ஈஸ்ட் ஃபிஞ்ச்லியில் இருக்கும் ஃபீனிக்ஸ் தியேட்டரும் அதே 1912இல் திறந்ததுதான். 1985 முதல் அது ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்கு மூலையில், கிண்டைர் தீபகற்பத்தின் நுனியில், கேம்பல்டவுன் பிக்சர் ஹவுஸ் 1913இல் திறந்தது. திரைக்கு இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு வீடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் ஏதோ முற்றத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிற மாதிரி இருக்கும். 1986இல் மூடியது, ஊர்க்காரர்கள் எடுத்துத் திறந்தார்கள். பிறகு பெரிய பழுதுபார்ப்பு முடிந்து 2017இல் மறுபடி திறந்தது. அதையும் தொண்டு அமைப்புதான் நடத்துகிறது.

இந்த மாதிரித் தியேட்டர்களின் மாத நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கான கார்ட்டூன் படம், ஒரு சூப்பர் ஹீரோ படம், மேடை நாடகத்தின் நேரலை, அப்புறம் கட்டாயம் ஒன்று: உண்மைச் சம்பவத்தைத் தழுவி எடுத்த, பார்த்து முடிக்கும்போது மனசு லேசாகிற ஒரு நாடகப் படம். குழந்தைகளைக் காப்பாற்றிய பங்குத் தரகர், குதிரை வளர்த்த மதுக்கூடப் பணிப்பெண், ஓவியம் திருடிய கிழவர், முதியோர் இல்லத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் பிரான்சுக்குக் கிளம்பிப்போன போர் வீரர். கடைசியில் சொன்னவரின் கதையில்தான் பிரிட்டிஷ் நடிகை கிளெண்டா ஜாக்சன் கடைசியாக நடித்தார். இப்படி மாற்றி மாற்றி ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

வயதானவர்களுக்கு இது பிடிக்கும், அவர்கள்தான் பகல் காட்சிக்கு வருகிறார்கள், அதனால் போடுகிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, இந்தத் தியேட்டர்கள் எப்படி உருவாயின, எப்படி நடக்கின்றன என்பதில் இருக்கிறது.

முதலில் நடைமுறை. பிரிட்டனில் தொண்டுத் தியேட்டர் பல ரகம். கிளீவ்டன் மாதிரி சொந்தக் கட்டடத்தில் தினமும் படம் ஓட்டுகிறவை சில. ஊர்க் கூடத்தில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திரையை இறக்கி, அடுக்கி வைத்த நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுப் படம் காட்டுகிறவை நிறைய. ஸ்காட்லாந்தின் மலைப் பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் ஒரு லாரியே தியேட்டராகப் போகிறது. ஸ்கிரீன் மெஷின் என்று பெயர். 1998இல் ஓடத் தொடங்கியது. ஊர் எல்லையில் நிறுத்திப் பக்கவாட்டில் விரித்தால் சுமார் 80 பேர் உட்காரலாம். படகில் ஏறித் தீவு தீவாகப் போகும். இப்படி ஊர் ஊராகப் படம் காட்டும் குழுக்களுக்குக் கைகொடுக்க 1946இலேயே ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். இன்று சினிமா ஃபார் ஆல் என்ற பெயரில் அது நடக்கிறது.

தொண்டு நிறுவனம் என்று பதிவு செய்துவிட்டால் லாபத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. மிஞ்சுவது கூரைக்கும் புரொஜெக்டருக்கும் போக வேண்டும். அறங்காவலர்களுக்கு அந்தப் பொறுப்புக்காகப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. இங்கிலாந்தில் கட்டட வரியில் 80 சதவீதம் சட்டப்படி தள்ளுபடி. யாராவது டிக்கெட்டுக்கு மேல் மனமுவந்து ஒரு பவுண்டு கொடுத்தால், அவர் வருமான வரி கட்டுபவராக இருக்கும்பட்சத்தில் அரசு அதன் மேல் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். இத்தனை இருந்தும், டிக்கெட் கிழிப்பவரும் ஐஸ்கிரீம் விற்பவரும் கூலி வாங்காமல் நின்றால்தான் பல இடங்களில் கணக்கு நேராகும்.

சினிமாவுக்கும் தொண்டுக்கும் அங்கே இருக்கும் உறவு பழையது. ஞாயிற்றுக்கிழமை படம் ஓட்டலாமா கூடாதா என்பது ஒரு காலத்தில் பெரிய சண்டை. தேவாலயத்துக்குப் போக வேண்டிய நாளில் சினிமாவா என்று கேட்டார்கள். 1932இல் ஒரு சட்டம் வந்தது: ஞாயிறு ஓட்டலாம், ஆனால் வருமானத்தில் ஒரு பங்கைத் தொண்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பங்கில் ஒரு துளியைத் திரைப்பட வளர்ச்சிக்கான நிதிக்கு ஒதுக்கினார்கள். 1933இல் தொடங்கிய பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்துக்கு அந்த நிதி ஆரம்பத்தில் கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்ததற்குப் பரிகாரமாகப் போட்ட காசுதான் பின்னால் ஒரு நாட்டின் படச்சுருள் காப்பகத்துக்கு விதையானது என்று நினைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

படத்தை வாடகைக்கு வாங்கும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய படம் வெளியாகும் வாரத்தில் விநியோகஸ்தர், தினமும் இத்தனை காட்சி, இத்தனை வாரம் என்று நிபந்தனை போடுவார். ஒற்றைத் திரைக்கு அது கட்டுப்படியாகாது, மாதம் ஒரு படம் போடும் ஊர்க் கூடத்துக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது. அவர்கள் சில மாதம் பொறுத்திருந்து, ஒரே ஒரு காட்சிக்கான உரிமம் வாங்குவார்கள். குறைந்தபட்சக் கட்டணம் அல்லது வசூலில் ஒரு பங்கு, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். படம் கைக்கு வரும்போது விளம்பரச் சத்தமெல்லாம் அடங்கியிருக்கும். அப்போதும் ஆள் வர வேண்டுமென்றால், வாய்வழியாகப் பரவி நிற்கும் கதையாக இருக்க வேண்டும். "அந்தக் குதிரைக் கதை வருதாம்" என்று சொன்னால் எதிராளிக்குப் புரிந்துவிட வேண்டும். உண்மைச் சம்பவத்துக்கு இந்த வசதி இருக்கிறது. செய்தித்தாளில் படித்தது, தொலைக்காட்சியில் பார்த்தது என்று பாதி விளம்பரம் முன்பே முடிந்திருக்கும்.

2024 வசந்தத்தில் தெற்கு இங்கிலாந்தில் இப்படி ஓர் ஊர்க் கூடத்தில் 'ஒன் லைஃப்' பார்த்தேன். அறுபது நாற்காலி இருக்கும். பின்சுவரோரம் ஒரு பெரிய தேநீர்ப் பாத்திரம் சீறிக்கொண்டிருந்தது. வாசலில் மேசை போட்டு, தகரப் பெட்டியில் சில்லறை வைத்துக்கொண்டு ஓர் அம்மா டிக்கெட் கொடுத்தார். கூடவே, இரண்டாக மடித்த அரைத் தாள் ஒன்று. படத்தைப் பற்றிய குறிப்பு, உள்ளூரில் யாரோ எழுதி நகலெடுத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் அதைக் கண்ணாடி மாட்டி முழுக்கப் படித்து முடித்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றினார். அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1938 டிசம்பரில் நிக்கலஸ் விண்டன் என்ற 29 வயது லண்டன் பங்குத் தரகர், பனிச்சறுக்கு விடுமுறையை விட்டுவிட்டு நண்பர் கூப்பிட்டதற்காக ப்ராக் நகரம் போகிறார். நாஜிகளுக்குப் பயந்து ஓடி வந்த குடும்பங்கள் முகாம்களில் குளிரில் கிடக்கின்றன. பிள்ளைகளையாவது பிரிட்டனுக்கு அனுப்ப வேண்டும். பிரிட்டிஷ் அரசு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்கும் குடும்பம் வேண்டும் என்கிறது, 50 பவுண்டு வைப்புத்தொகை வேண்டும் என்கிறது. விண்டன் சில வாரத்தில் லண்டன் திரும்பி, பகலில் பங்குச் சந்தை வேலையும் சாயங்காலம் இந்த வேலையுமாக, தன் தாயையும் கூட வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறார், குடும்பம் தேடுகிறார், விசாவுக்கு அலைகிறார். 669 பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று சுமார் 250 பிள்ளைகளோடு கிளம்ப வேண்டிய ரயில் கிளம்பவில்லை. அன்றுதான் போர் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட யாரும் பிறகு உயிரோடு இல்லை.

ஐம்பது ஆண்டு கழித்து, 1988இல், பிபிசியின் ஒரு நேயர் நிகழ்ச்சியில் விண்டனை முன்வரிசையில் உட்கார வைத்து, இவரால் உயிர் பிழைத்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா, எழுந்து நில்லுங்கள் என்று கேட்டார்கள். சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். படத்தில் அந்தக் காட்சியை எடுக்கும்போது, காப்பாற்றப்பட்டவர்களின் வாரிசுகள் பலரையே வரவழைத்து உட்கார வைத்தார்கள். விண்டனாக நடித்த ஆந்தனி ஹாப்கின்ஸ் திரும்பிப் பார்க்கும்போது அவருக்குப் பின்னால் நிற்கும் முகங்களில் பல, அந்த ரயில்கள் ஓடியிருக்காவிட்டால் இந்த உலகத்துக்கே வந்திருக்காத முகங்கள். அறுபது நாற்காலிக் கூடத்தில் அந்த இடத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

இன்னொரு விஷயம். விண்டனுக்கு 1983இல் அரசு ஒரு விருது கொடுத்தது. பிள்ளைகளைக் காப்பாற்றியதற்காக இல்லை. அது அப்போது வெளியே தெரியாது. முதியோர் இல்லங்கள் அமைத்த தொண்டுக்காகக் கொடுத்தது. மேய்டன்ஹெட் என்ற ஊரில் குடியிருந்துகொண்டு, குழுக் கூட்டம் நடத்துவது, நிதி திரட்டுவது, கணக்கு எழுதுவது என்று அவர் செய்துவந்த வேலை, இந்தக் கூடத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் செய்கிற வேலைதான். அதை அவர்கள் திரையில் பார்த்தார்கள். தொண்டுத் தியேட்டருக்கும் இந்த வகைப் படத்துக்கும் உள்ள நெருக்கம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய சாகசம் செய்பவரைவிட, கோப்பும் கடிதமுமாகப் பாடுபடுபவரை இந்தக் கூட்டம் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறது.

வேல்ஸ் நாட்டுக்குப் போனால் இந்த நெருக்கம் கட்டடத்திலேயே தெரியும். நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் வாரக் கூலியிலிருந்து சில்லறை போட்டு மன்றங்கள் கட்டினார்கள். நூலகம், படிப்பறை, பில்லியர்ட்ஸ் மேசை, மேலே ஒரு பெரிய மண்டபம். 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகு அந்த மண்டபங்களில் பல சினிமாக் கொட்டகை ஆயின. முதலாளி கட்டாத தியேட்டர்கள் அவை, பார்ப்பவனே கட்டியவன். சுரங்கங்கள் மூடியபின் பல மன்றங்கள் இடிந்தன, சில தன்னார்வலர்கள் கையில் பிழைத்தன.

'பிரைட்' படத்தில் வருவது இப்படி ஒரு மண்டபம்தான். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டனைச் சேர்ந்த தன்பாலின ஆண்களும் பெண்களும் கொஞ்சப் பேர் சேர்ந்து, தெருவில் வாளி ஏந்தி நிதி திரட்டி, தெற்கு வேல்ஸின் டூலைஸ் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். பிறகு நேரிலும் போனார்கள். முதலில் தயக்கம், அப்புறம் சாப்பாடு, பாட்டு, நட்பு. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985இல் லண்டனில் நடந்த, தன்பாலினர் உரிமைக்கான பிரைட் பேரணியின் முன்வரிசையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகையோடு நடந்து வந்தார்கள். 2014இல் வெளிவந்த இந்தப் படத்தை எடுத்தபோது ஒன்லுவின் கிராமத்தில் அந்தச் சந்திப்புகள் நடந்த அதே நலமன்றத்துக்குப் போய்ப் படம் பிடித்தார்கள்.

'ட்ரீம் ஹார்ஸ்' கதையும் தெற்கு வேல்ஸ்தான். கேஃபிலி அருகே கெவ்ன் ஃபாரஸ்ட் என்ற பழைய சுரங்கக் கிராமம். ஜேன் வோக்ஸ் என்ற பெண்மணி பகலில் சூப்பர் மார்க்கெட்டில் துப்புரவு வேலை, ராத்திரி தொழிலாளர் மன்றத்தின் மதுக்கூடத்தில் வேலை. பந்தயக் குதிரை வளர்க்க ஆசைப்பட்டுக் கணவரோடு சேர்ந்து 350 பவுண்டுக்கு ஒரு பெண் குதிரையை வாங்கினார். குட்டி பிறந்தது. பயிற்சிக்குப் பணம் வேண்டுமே. மன்றத்துக்கு வருகிறவர்களிடம் சொல்லி, 23 பேர் வாரம் ஆளுக்கு 10 பவுண்டு போட்டார்கள். நம் ஆட்கள் சீட்டுப் பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் தசைநார் அறுந்து, இனி ஓடாது என்ற நிலையிலிருந்து, ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்துத் தேறி வந்து, 2009 டிசம்பரில் வெல்ஷ் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் அந்தக் குதிரை ஜெயித்தது. எல்லாச் செலவும் போக ஒவ்வொருவருக்கும் கடைசியில் கைக்கு வந்தது 1,430 பவுண்டு. அதில் யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் வாரம் 10 பவுண்டு போட்ட ஒருத்தர், பந்தய மைதானத்தில் உரிமையாளர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கோட்டு சூட்டோடு நின்றார். கூரை ஒழுகும் தியேட்டருக்கு மாதம் ஐந்து பவுண்டு போடுகிற ஊரில் இந்தப் படத்தைப் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அந்த அரைத் தாளுக்கு வருகிறேன்.

மனசை லேசாக்கும் படம் ஏதாவது ஒன்றை லேசாக்கித்தான் அதைச் செய்ய முடிகிறது. எதை என்பதுதான் கேள்வி. 'ஒன் லைஃப்' வெளியானபோது சில விளம்பரக் குறிப்புகளில் விண்டன் காப்பாற்றியது 'மத்திய ஐரோப்பியக் குழந்தைகளை' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள். யூதர்கள் என்பதால்தான் அவர்களின் உயிருக்கு ஆபத்தே வந்தது. படத்துக்குள் அது மறைக்கப்படவில்லை. ஆனால் படத்தைப் பற்றிச் சொல்லும் இரண்டு வரியில் அந்தச் சொல் காணாமல் போயிருந்தது. எதிர்ப்பு கிளம்பியபின் வாசகத்தைத் திருத்தினார்கள்.

'பிரைட்' படத்துக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் வெளியான டிவிடியின் அட்டைக் குறிப்பில் 'தன்பாலின' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, லண்டனைச் சேர்ந்த ஆர்வலர்கள் என்று பொதுவாகப் போட்டார்கள். அட்டைப் படத்தில் பின்னால் தெரிந்த பதாகையிலிருந்த எழுத்துகளையும் அழித்தார்கள். யார் என்று சொல்லாமல் அந்தக் கதையில் என்ன மிஞ்சும்? அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்க் ஆஷ்டன் இளம் கம்யூனிஸ்டுகள் அமைப்பின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். அந்த அரசியல் படத்துக்குள்ளேயே மங்கலாகத்தான் வருகிறது. 1987இல், 26 வயதில், எய்ட்ஸ் நோய் அவரைக் கொண்டுபோனது.

இப்படிப் பெரிய விளம்பரத்தில் கழன்று விழுகிற சொல்லைத் திரும்ப எடுத்து ஒட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். தொண்டுத் தியேட்டரின் அரைத் தாளும், படம் தொடங்குமுன் யாராவது எழுந்து பேசும் இரண்டு நிமிடமும் அந்த இடம். பிரிட்டனின் திரைப்படச் சங்கங்களுக்கு இது பழைய வழக்கம். படம் போட்டால் குறிப்பு கொடுப்பார்கள். மால் தியேட்டரில் படம் முடிந்ததும் பாப்கார்ன் பொறுக்க ஆள் வந்துவிடுவார். இங்கே படம் முடிந்தும் தேநீர் மிச்சமிருக்கும், பேச ஆள் இருக்கும். அன்று எனக்குக் கிடைத்த தாளில் விண்டன் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது: டொரீன் வாரினர், டிரெவர் சாட்விக். விண்டன் லண்டனுக்குத் திரும்பியபின் ப்ராக்கிலேயே இருந்து, நாஜிப் படை நகரத்துக்குள் வந்த பிறகும் ஆட்களை அனுப்பி வைத்தவர்கள் இவர்கள். தன்னைவிட அவர்கள்தான் ஆபத்தில் இருந்தார்கள் என்பதை விண்டனே சொல்லி வந்தார்.

ஆனால் உண்மையை மாற்றினால் எல்லாமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 'தி டியூக்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 ஆகஸ்டில் லண்டன் நேஷனல் கேலரியிலிருந்து, கோயா வரைந்த வெலிங்டன் கோமகனின் ஓவியம் காணாமல் போனது. நாட்டை விட்டுப் போகாமல் இருக்க 140,000 பவுண்டு கொடுத்து அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். நியூகாசிலைச் சேர்ந்த கெம்ப்டன் பன்டன் என்ற முன்னாள் பேருந்து ஓட்டுநர், அந்தப் பணத்தில் எத்தனை ஓய்வூதியக்காரர்களுக்கு, டிவி பார்க்கக் கட்டாயமான உரிமக் கட்டணம் கட்டியிருக்கலாம் என்று கோபப்பட்டவர். 1965இல் ஓவியம் திரும்பி வந்தது, அவரும் சரணடைந்தார். ஓவியத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் எண்ணியிருந்தார் என்பதால் ஓவியத் திருட்டுக் குற்றத்திலிருந்து ஜூரி விடுவித்தது. சட்டகம் மட்டும் திரும்பி வரவே இல்லை. அதற்கு மூன்று மாதச் சிறை. எடுத்தது உண்மையில் அவர் மகன் என்பது 2012இல் அரசு ஆவணங்கள் வெளிவந்தபோது ஊருக்குத் தெரிந்தது.

படத்தில் நான்கு ஆண்டுக் கதையைச் சில மாதத்துக்குள் சுருக்கிவிட்டார்கள். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, கதையின் நியாயமும் மாறவில்லை. பிரிட்டனில் 75 வயது தாண்டியவர்களுக்கு 2000இல் டிவி உரிமம் இலவசமானது. 2020 ஆகஸ்டிலிருந்து அது வருமானம் குறைந்த ஓய்வூதியக்காரர்களுக்கு மட்டும் என்று ஆனது. பகல் காட்சிக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பழங்கதையே இல்லை. போன மாத வங்கிக் கணக்கில் பிடித்த காசு.

சுருக்குவது ஒன்று. உயிரோடு இருக்கிற ஒருவரை வில்லனாக்குவது வேறு. 2012இல் லெஸ்டர் நகர வாகன நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். விடாப்பிடியாக அலைந்து அதற்கு வழி செய்த ஃபிலிப்பா லாங்லியின் கதையை 'தி லாஸ்ட் கிங்' என்று படமாக்கினார்கள். சாதாரணப் பெண் ஒரு பக்கம், படித்தவர்கள் கூட்டம் மறுபக்கம் என்று அமைத்தால் உணர்ச்சி தானாக வரும். அதில் பல்கலைக்கழக அதிகாரி ஒருவரை அவருடைய சொந்தப் பெயரிலேயே காட்டியிருந்த விதம் அவதூறான பொருள் தருகிறது என்று 2024இல் லண்டன் உயர் நீதிமன்றம் முதற்கட்டத் தீர்ப்பில் சொன்னது. உண்மைக் கதை என்று போட்டுவிட்டால் பார்ப்பவர் நம்புவார். அறுபது பேர் கூடத்தில் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது இன்னும் உறுதியாக நம்புவார். போடுகிற குழு இதையும் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்குள் 1999இல் ஒரு தியேட்டர் திறந்தார்கள். மெடிசினிமா என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. சக்கர நாற்காலிக்கும், கட்டிலோடு வருகிறவர்களுக்கும் இடம் விட்டுக் கட்டியது. நர்சுகள் கூடவே இருப்பார்கள். குடும்பத்தோடு சேர்ந்து பார்க்கலாம், காசு கிடையாது. வார்டிலிருந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் நிறுத்துகிற இடத்தில், மனசுக்குத் தெம்பு தரும் படம் என்ற பேச்சுக்கு எடை கூடிவிடுகிறது. அங்கே இருப்பவர்களுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்லும் படம் உதவாது. இரண்டு மணி நேரம் தன்னை நோயாளி என்று நினைக்காமல் இருக்க வைத்தால் போதும்.

'கேலண்டர் கேர்ள்ஸ்' படம் இருபது ஆண்டுக்கு மேலாகியும் ஊர்க் கூடங்களில் வந்துகொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. யார்க்‌ஷயரில் ரில்ஸ்டன் மகளிர் மன்றத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் கணவர் 1998இல் புற்றுநோயால் இறந்தார். நிணநீர்ப் புற்று. அவர் நினைவாக, நடுத்தர வயதைத் தாண்டிய தோழிகள் ஆடையில்லாமல், பூந்தொட்டிக்கும் ஜாம் பாட்டிலுக்கும் பின்னால் நின்று நாட்காட்டிக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். 1999 ஏப்ரலில் வெளியிட்டார்கள். ரத்தப் புற்று ஆராய்ச்சிக்கு அதிலிருந்து வந்த பணம் ஆண்டுகள் போகப்போக 50 லட்சம் பவுண்டைத் தாண்டியது. படத்தில் ஹெலன் மிரனும் ஜூலி வால்டர்ஸும் ஹாலிவுட் வரை போய்ச் சண்டை போட்டுக்கொள்வதெல்லாம் கதைக்காகச் சேர்த்தது. கணவர் இறப்பது சேர்த்ததில்லை, படம் முடிந்த பிறகும் அவர் திரும்பி வருவதில்லை. மகளிர் மன்றங்கள் கூடுவது இதே மாதிரி ஊர்க் கூடங்களில்தான். திரையில் வருகிற தேநீர்ப் பாத்திரமும் அடுக்கு நாற்காலியும் திரைக்கு எதிரேயும் இருக்கும்.

'ஒன் லைஃப்' முடிந்தபோது அந்தக் கூடத்தில் உடனே விளக்குப் போடவில்லை. இந்த வகைப் படங்களில் கடைசியில் எழுத்து ஓடும்போது நிஜ ஆட்களைப் பற்றிய வாசகங்கள் வரும் என்று புரொஜெக்டர் பக்கம் நின்றவருக்குத் தெரியும். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு கடைசி வரி போகும்வரை காத்திருந்தார். விளக்கு வந்ததும் நாற்காலிகளை ஆறு ஆறாக அடுக்கத் தொடங்கினார்கள். நாங்களும் தூக்கிக் கொடுத்தோம். வாசலில் ஒரு மஞ்சள் வாளி வைத்திருந்தார்கள், அந்த வட்டாரத்துக்கு வந்திருந்த அகதிக் குடும்பங்களுக்கென்று தாளில் எழுதி ஒட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டைப் பையில் துழாவி ஒரு நோட்டைப் போட்டார். பிறகு மடித்து வைத்திருந்த அரைத் தாளை எடுத்து, விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அந்த இரண்டு பெயரையும் இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார்.